எபிடியூரலுக்கு பியூபிவகெய்னா, ரோபிவகெய்னா? நிஜமாவே வித்தியாசம் இருக்கா?

#1 நிலாமுற்றம்

எனக்கு 34-வது வாரம் நடக்குது, முதல் குழந்தை. பிரசவ வலி தெரியாம இருக்க முதுகுல மெல்லிய குழாய் வச்சு மரப்பு மருந்து கொடுக்கற எபிடியூரலைப் போட்டுக்கறதுன்னு வீட்ல பேசி முடிவு பண்ணியாச்சு. அதனால "போடலாமா வேண்டாமா" பஞ்சாயத்து இங்க வேண்டாம், ப்ளீஸ். என் கேள்வி மருந்தைப் பத்தி மட்டும்தான்.

மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தப்போ "பியூபிவகெய்ன், கூட கொஞ்சம் ஃபென்டனில், அது மார்ஃபின் வகை வலி மருந்து"னு சொன்னாங்க. என் சிநேகிதிக்கு அவ பிரசவத்துல ரோபிவகெய்ன் போட்டிருக்காங்க. "பியூபிவகெய்ன் பழைய மருந்துடி, இதயத்துக்கு ஆகாது, ரெண்டு காலும் கட்டை மாதிரி கிடக்கும், நீ ரோபிவகெய்ன்தான் வேணும்னு கேளு"ங்கிறா. நெட்ல தேடினா லெவோபியூபிவகெய்ன்னு மூணாவது ஒண்ணு வருது. பல்லு பிடுங்கறப்போ போடுற லிக்னோகெய்னும் அதே குடும்பமாம். அப்போ அதை ஏன் போடறதில்ல?

நான் அடம்பிடிச்சுக் கேக்க வேண்டிய விஷயமா இது, இல்ல டாக்டர்கிட்டயே விட்டுடலாமா?

#2 இரவுப்பணி

மயக்கவியல் மருத்துவர். பிரசவ அறையில்தான் பெரும்பாலான இரவுகள் கழிகின்றன.

உங்கள் சிநேகிதி சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் அவர் சொல்லும் பியூபிவகெய்ன் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பியூபிவகெய்ன். மருந்து அதேதான், அதைக் கொடுக்கும் அடர்த்தி அடியோடு மாறிவிட்டது.

பியூபிவகெய்னை 1957-ல் ஸ்வீடனில் எகென்ஸ்டாம் குழுவினர் உருவாக்கினார்கள். ஒருமுறை கொடுத்தால் நெடுநேரம் நிற்கும் என்பதால் பிரசவ அறைக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது. பிறகு சிசேரியனுக்கு 0.75 சதவீதக் கரைசலைக் குழாய் வழியே மொத்தமாகச் செலுத்தும் வழக்கம் வந்தது. குழாய் நுனி தற்செயலாக ரத்தக்குழாய்க்குள் போயிருந்தால் அத்தனை மருந்தும் நேரே இதயத்துக்குப் போகும். இதயம் நின்றது, மீட்கவும் முடியவில்லை. ஆல்பிரைட் என்ற மயக்கவியல் மருத்துவர் 1979-ல் இதை ஒரு தலையங்கத்தில் எழுதி எச்சரித்தார். 1984-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மகப்பேறில் 0.75 சதவீதம் வேண்டாம் என்று விலக்கியது. "இதயத்துக்கு ஆகாது" என்ற பேச்சின் வேர் இதுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். 0.75 சதவீதம் என்றால் ஒரு மி.லி.யில் 7.5 மி.கி. 20 மி.லி. செலுத்தினால் 150 மி.கி., அதுவும் சில நிமிடங்களுக்குள். இன்று பிரசவ வலிக்குப் பரவலாகக் கொடுப்பது 0.0625 முதல் 0.1 சதவீதம் வரை. 0.1 சதவீதக் கரைசல் மணிக்கு 10 மி.லி. போனால் மொத்தமே 10 மி.கி. இந்த இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

அதனால் "எந்த மருந்து" என்பதற்கு முன்னால் "எத்தனை சதவீதம்" என்று கேளுங்கள். அதற்கு அடுத்து "எப்படிக் கொடுப்பீர்கள், சொட்டுச் சொட்டாகவா, தவணை தவணையாகவா" என்று கேளுங்கள். மருந்தின் பெயர் மூன்றாவது கேள்விதான்.

#3 முதுநிலை_இரண்டாமாண்டு

மேடம், மயக்கவியல் முதுநிலை மாணவன். மரியாதையோட ஒரு மறுப்பு. பெயர் மூணாவதுன்னு இவ்வளவு சுலபமா தள்ளிட முடியுமா? ரோபிவகெய்ன்ல உணர்வு மரக்கும், ஆனா தசை அவ்வளவா தளராதுன்னு எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லுது. கொழுப்புல கரையுற தன்மை அதுக்குக் குறைவு. அதனால தடிமனான உறை போட்ட தசை நரம்புக்குள்ள அது மெதுவாத்தான் நுழையும். வலியைக் கடத்துற மெல்லிய நரம்புகள் முதல்ல அடங்கிடும். காகிதத்துல மட்டும் இருக்கற வித்தியாசம் இல்லையே இது.

#4 கரிமவேதி

மருத்துவர் இல்லை, வேதியியல்காரன். மூலக்கூறு பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன்.

பியூபிவகெய்ன் இரண்டு ஆடிப்பிம்ப வடிவங்களின் சரிபாதிக் கலவை: ஆர் வடிவம், எஸ் வடிவம். இடது கையும் வலது கையும் போல, அணுக்கள் அதே, அமைப்பு அதே, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. நரம்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்கின்றன. இதயத் தசையின் சோடியம் வாயிலில்தான் (துடிப்புக்கான மின்சைகையைத் தொடங்கும் வழி) ஆர் வடிவம் கூடுதல் இறுக்கமாகப் பற்றுகிறது. ஆல்பிரைட் எழுதியதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் இதைத்தான் துருவின. லிக்னோகெய்ன் அந்த வாயிலுக்குள் சட்டென்று நுழைந்து அடுத்த துடிப்புக்குள் சட்டென்று வெளியேறிவிடும். பியூபிவகெய்ன் சட்டென்று நுழையும், ஆனால் மெதுவாகத்தான் வெளியேறும். அடுத்தடுத்த துடிப்பில் அடைப்பு சேர்ந்துகொண்டே போகும்.

இதற்குத் தீர்வு தேடித்தான் எஸ் வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அது லெவோபியூபிவகெய்ன். ரோபிவகெய்னும் தனி எஸ் வடிவமே. பியூபிவகெய்னில் நான்கு கார்பன் வால் இருக்கும் இடத்தில் இதில் மூன்று கார்பன் வால். வால் குட்டையானதால் கொழுப்பில் கரைவது குறைகிறது. ரோபிவகெய்ன் 1996-லும் லெவோபியூபிவகெய்ன் 1999-லும் அமெரிக்க அனுமதி பெற்றன.

தம்பி சொன்ன கொழுப்புக் கரைதிறன் விளக்கத்தில் ஒரு கத்தி ஒளிந்திருக்கிறது. கொழுப்பில் குறைவாகக் கரைந்தால் தசை நரம்பை மட்டும் விட்டுவைக்காது, மொத்த வீரியமும்தான் குறையும்.

#5 இரவுப்பணி

கரிமவேதி கைவைத்த இடம் சரியான இடம்.

1995-ல் கொலம்பும் லயன்ஸும் ஒரு முறையை அறிமுகப்படுத்தினார்கள். பிரசவத்தின் முதல் கட்டத்தில் இருக்கும் பெண்ணுக்குக் குழாய் வழியே 20 மி.லி. மருந்து. வலி அடங்கினால் அடுத்த பெண்ணுக்கு ஒரு படி குறைந்த அடர்த்தி, அடங்காவிட்டால் ஒரு படி கூட்டி. இப்படி ஏறி இறங்கி, பாதிப் பேருக்கு வலி அடங்கும் அடர்த்தியைக் கண்டுபிடிப்பார்கள். பியூபிவகெய்னுக்கு 0.065 சதவீதம் வந்தது, லிக்னோகெய்னுக்கு 0.37.

1999-ல் ரோபிவகெய்னையும் பியூபிவகெய்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தனித்தனிக் குழுக்கள் இதே முறையில் அளந்தன. ஒன்றில் ரோபிவகெய்ன் 0.111, பியூபிவகெய்ன் 0.067; மற்றதில் 0.156, 0.093. எண்கள் வேறு, விகிதம் ஒன்றே: ரோபிவகெய்னின் வீரியம் பியூபிவகெய்னில் சுமார் 0.6 பங்கு. லெவோபியூபிவகெய்ன் 0.98, அதாவது ஏறத்தாழ சமம்.

இப்போது பழைய ஒப்பீடுகளைத் திரும்பப் பாருங்கள். பலவற்றில் இரண்டு மருந்தையும் ஒரே சதவீதத்தில் கொடுத்து, "ரோபிவகெய்ன் கொடுத்தவர்களுக்குக் கால் நன்றாக அசைந்தது" என்று எழுதியிருப்பார்கள். வீரியம் குறைந்த மருந்தை அதே அடர்த்தியில் கொடுத்தால் கால் அசையத்தானே செய்யும்? 0.1 சதவீத பியூபிவகெய்னுக்கு நிகர் சுமார் 0.17 சதவீத ரோபிவகெய்ன். அந்த அளவுக்கு ஏற்றிய பிறகும் கால் தளராமல் இருந்தால்தான் அது தனிக் குணம்.

#6 முதுநிலை_இரண்டாமாண்டு

அந்த 0.6 எனக்கும் தெரியும் மேடம். ஆனா அது பாதிப் பேருக்கு வேலை செய்யுற புள்ளி. நாம யாருக்கும் பாதி வாய்ப்புல மருந்து கொடுக்கறதில்ல, நூத்துல தொண்ணூத்தஞ்சு பேருக்கு வலி அடங்கணும்னுதான் பாக்கறோம். நடுப்புள்ளியில ரெண்டு கோடும் விலகி நின்னா மேல போறப்பவும் அதே இடைவெளி இருக்கும்னு எப்படிச் சொல்றீங்க? மேல போகப் போக ரெண்டும் நெருங்கிடலாமே. நடைமுறையில ரெண்டையும் ஒரே சதவீதத்துல கொடுக்கற இடங்கள்ல வலி அடங்கறதுல பெரிய வித்தியாசம் தெரியறதில்லங்கறதையும் யோசிக்கணும். ஃபென்டனில் சேர்ந்தா இந்த 0.6 இன்னும் மங்கிப்போகும்.

#7 இரவுப்பணி

நல்ல கேள்வி. நடுப்புள்ளி என்ற குறை உண்மை, அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் உங்கள் வாதம் நிற்க வேண்டுமானால் தசைத் தளர்ச்சிக்கான விகிதம் வேறாக இருக்க வேண்டும், இல்லையா? அதையும் அளந்திருக்கிறார்கள். 2002-ல் லகாசியும் கொலம்பும் அதே ஏற்ற இறக்க முறையில், பாதிப் பேருக்குக் கால் தளரும் அடர்த்தியைத் தேடினார்கள். பியூபிவகெய்ன் 0.326, ரோபிவகெய்ன் 0.497, விகிதம் 0.66. வலிக்கு 0.6, தசைக்கு 0.66. இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. வலியை மட்டும் அடக்கித் தசையைச் சும்மா விடும் மாயம் எங்கே?

ஃபென்டனில் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் சேர்த்தாலே மரப்பு மருந்தின் அடர்த்தியை நன்றாகக் குறைக்க முடிகிறது. என் கணக்கில் கால் அசைவைக் காப்பாற்றியதில் ரோபிவகெய்னைவிட ஃபென்டனிலுக்குத்தான் பங்கு அதிகம். (நிலாமுற்றம், அதனால் உடம்பு அரிக்கலாம். பயப்பட வேண்டாம், செவிலியரிடம் சொல்லுங்கள்.)

#8 பிரசவ_அறை_அக்கா

டாக்டருங்க சண்டை போட்டுக்கட்டும், நான் கட்டில் பக்கத்துல நிக்கறவ. பல வருஷமா செவிலி.

எந்த மருந்துன்னு குப்பியைப் பாக்காம என்னால சொல்ல முடியாது, ஆனா கெட்டியா ஓடுதா நீர்க்க ஓடுதான்னு தாயைப் பாத்தே சொல்லிடுவேன். நீர்க்க இருந்தா "அக்கா, இறுக்கிப் பிடிக்குது தெரியுது, வலி இல்ல"ம்பாங்க. முழங்காலை மடக்குவாங்க, இடுப்பைத் தூக்குவாங்க, பக்கம் மாத்திப் படுப்பாங்க. முக்கச் சொன்னா சரியான இடத்துல முக்குவாங்க. கெட்டியா ஓடினா கால் நம்ம கைல கனக்கும். முக்கறது எங்கன்னே அவங்களுக்குப் பிடிபடாது.

நிலாமுற்றம், உங்களுக்குச் சில விஷயம். கால் கொஞ்சம் கனமாத் தோணினா அது தப்பு நடந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஆனா போகப் போகத் தூக்கவே முடியாமப் போனா உடனே சொல்லுங்க. ஒண்ணுக்கு முட்டுறது தெரியாமப் போகும், அதனால நாங்களா நேரம் பாத்து எடுத்துவிடுவோம். மல்லாந்து படுக்காதீங்க, கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். ஒரு பக்கம் மரத்து இன்னொரு பக்கம் வலிச்சா, அது மருந்தோட குத்தமா இருக்கறதில்ல, பெரும்பாலும் குழாய் ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கும். கொஞ்சம் வெளிய இழுத்துவிட்டா சரியாகும், இல்லாட்டி திரும்பப் போடணும். இந்தக் கேஸ்லதான் எல்லாரும் "மருந்து வேலை செய்யல"ன்னு மருந்து மேல பழி போடுவாங்க.

#9 வெளிப்படை

கேள்விக்கு வெளியே போறேன்னு நினைக்காதீங்க. எந்த மருந்தா இருந்தா என்ன, எபிடியூரல் போட்டா கடைசில சிசேரியன்ல போய் முடியும்னுதானே எல்லாரும் சொல்றாங்க? அதைப் பேசாம சதவீதம் பேசி என்ன பிரயோஜனம்?

#10 முதுநிலை_இரண்டாமாண்டு

"எல்லாரும் சொல்றாங்க" ஆதாரம் ஆகாது சார். 2018-ல வந்த காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடற அமைப்போடது) எபிடியூரல் போட்டவங்களையும் போடாதவங்களையும் ஒப்பிட்டது. சிசேரியன் விகிதத்துல தெளிவான உயர்வு எதுவும் இல்ல. ஆயுதப் பிரசவம், அதாவது ஃபோர்செப்ஸ், வேக்குவம், கூடியது. ஆனா 2005-க்குப் பிறகு நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பாத்தா அந்தக் கூடுதலும் காணோம்.

ஏன்னு கேட்டா, மேடம் சொன்ன அடர்த்திக் கதைக்குத்தான் திரும்பி வரணும். இதை நானே எடுத்துக் கொடுக்கறேன். 2001-ல பிரிட்டனில் நடந்த காமெட் ஆய்வுல ஆயிரத்துச் சொச்சம் பெண்கள். ஒரு பிரிவுக்குப் பழைய முறைல 0.25 சதவீத பியூபிவகெய்ன். மத்த ரெண்டு பிரிவுக்கும் குறைந்த அளவு முறைகள், அதுல ஒண்ணு 0.1 சதவீதத்தோட ஃபென்டனில் சேர்த்து சொட்டுவிடறது. தானா நடந்த சுகப்பிரசவம் பழைய முறைல 35 சதவீதம், புது முறைகள் ரெண்டுலயும் 43 சதவீதத்தை ஒட்டி. மருந்து அதே பியூபிவகெய்ன்தான்.

#11 இரவுப்பணி

இதைத்தான் தம்பி நான் மூன்று பதிவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் :)

#12 முதுநிலை_இரண்டாமாண்டு

அடர்த்தி முக்கியம்ங்கறதை ஒத்துக்கறேன் மேடம். பெயர் முக்கியமே இல்லைங்கறதை இன்னும் ஒத்துக்கல. 2003-ல 555 முதற்பிரசவப் பெண்கள்கிட்ட நடந்த ஆய்வு இருக்கு. ரெண்டு மருந்தும் 0.08 சதவீதம், ரெண்டுலயும் ஃபென்டனில். பிரசவம் முடிஞ்ச விதத்துல வித்தியாசம் இல்ல, சரி. ஆனா ஆறு மணி நேரம், பத்து மணி நேரம்னு மருந்து ஓடினவங்கள்ல பியூபிவகெய்ன் பக்கம் கால் தளர்ச்சி தெளிவாவே அதிகம். நிலாமுற்றம் அக்காவுக்கு இது முதல் பிரசவம், நேரம் நீளலாம். அப்போ இது அவங்களுக்குப் பொருந்தற விஷயம்தானே?

#13 இரவுப்பணி

அதே ஆய்வின் இன்னொரு வரியையும் படித்துக் காட்டுங்கள். அசைவில் திருப்தி ரோபிவகெய்ன் பக்கம், பிரசவ நேரத்து வலி நிவாரணத்தில் திருப்தி பியூபிவகெய்ன் பக்கம். ஒரே சதவீதத்தில் கொடுத்தால் ஒன்று கொஞ்சம் பலமாக வேலை செய்கிறது, இன்னொன்று கொஞ்சம் மென்மையாக. நான் சொல்லும் வீரிய வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நேரம் நீண்டால் மருந்து சேர்ந்து கால் கனக்கும் என்பதில் மறுப்பில்லை. அதற்கு நான் மருந்தை மாற்றுவதைவிட பம்ப் முறையை மாற்றுவேன். தொடர்ந்து சொட்டாமல், குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு தவணையாகத் தள்ளும் முறை. மெதுவாகச் சொட்டினால் மருந்து குழாயின் முதல் துளை வழியாகவே வழிந்து ஒரே இடத்தில் தேங்கும். மொத்தமாகத் தள்ளினால் எல்லாத் துளை வழியாகவும் பரவும். கப்போக்னா குழு 2011-ல் லெவோபியூபிவகெய்ன் 0.0625 சதவீதத்தை இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்த்தது. கால் தளர்ச்சி சொட்டு முறையில் 37 சதவீதம், தவணை முறையில் 2.7. ஆயுதப் பிரசவம் சொட்டு முறையில் 20 சதவீதம், தவணை முறையில் 7. மருந்தும் அடர்த்தியும் மாறவே இல்லை. மருந்தின் பெயரை மாற்றி இப்படி ஒரு வித்தியாசத்தை யாராவது காட்டியிருக்கிறார்களா?

#14 கரிமவேதி

ஒரே ஒரு ஆய்வின் 2.7-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் திசை சரியாகத்தான் இருக்கிறது. தேங்கிய இடத்தில் செறிவு கூடும், செறிவு கூடினால் தடித்த நரம்புக்குள்ளும் போகும். இதற்கு ஆடிப்பிம்பம் எல்லாம் தேவையில்லை.

#15 இரண்டாம்_சுற்று

ரெண்டு பிரசவத்துலயும் எபிடியூரல் போட்டவ நான். முதல் தடவை பியூபிவகெய்ன், ரெண்டாவது தடவை ரோபிவகெய்ன். ரெண்டாவது சுகமா இருந்துச்சு. ஆனா ரெண்டாவது குழந்தைங்கறதால சீக்கிரம் பொறந்துச்சு, மருந்து உள்ள போனதே கொஞ்ச நேரம்தான். முதல்ல ராத்திரி பூரா ஓடுச்சு. அதனால எது மருந்தால, எது நேரத்தாலன்னு நான் எப்படிச் சொல்றது? சிநேகிதி சொன்னாங்கன்னு முடிவு எடுக்காதீங்க நிலா. நான் சொன்னாலும் எடுக்காதீங்க.

ஒண்ணு மட்டும். கடைசி நேரத்துல, தலை இறங்கறப்போ, அதுவரைக்கும் இல்லாத ஒரு அழுத்தம் கீழ வந்துச்சு. மருந்து தீர்ந்துபோச்சுன்னு நினைச்சு பயந்துட்டேன். இது வரும்னு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

#16 பிரசவ_அறை_அக்கா

அதைச் சொன்னது நல்லதாப் போச்சும்மா. முதல் கட்ட வலி கர்ப்பப்பைல இருந்து அடிவயிறு, முதுகுன்னு வரும். அந்த நரம்பெல்லாம் கொஞ்சம் மேல இருக்கு. தலை இறங்கினப்புறம் வர்றது பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பக்கத்து நரம்பு. அது தண்டுவடத்தோட அடிப்பகுதில இருந்து கிளம்பறது, தடிமனும் ஜாஸ்தி. அங்க வரைக்கும் மருந்து இறங்கித் தோயறதுக்கு நேரமாகும். சில சமயம் ஒரு தவணை கூடுதலாத் தேவைப்படும். அழுத்தம் கொஞ்சம் தெரிஞ்சா முக்கறதுக்கு உதவிதான், முழுசா அடக்கணும்னு இல்ல.

#17 நிலாமுற்றம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு விஷயம் இன்னும் பாக்கி. ஒண்ணு, குழந்தைக்கு இது போகுமா, அதுல மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டா? ரெண்டு, லிக்னோகெய்ன் ஏன் இல்லைன்னு யாருமே சொல்லல.

#18 முதுநிலை_இரண்டாமாண்டு

குழந்தை விஷயம்: போகும், எல்லாமே கொஞ்சம் போகும். தொப்புள்கொடி ரத்தத்துல இருக்கற அளவைத் தாய் ரத்தத்தோட ஒப்பிட்டா பியூபிவகெய்ன் சுமார் 0.3, லிக்னோகெய்ன் 0.5-ஐ ஒட்டி. அதனால பியூபிவகெய்ன் குழந்தைக்குக் குறைவாப் போகுதுன்னு சொல்வாங்க.

#19 கரிமவேதி

அந்த 0.3-ஐ வைத்து ரொம்ப நிம்மதி அடைய வேண்டாம். பியூபிவகெய்ன் 95 சதவீதம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். அது ஒட்டும் புரதம் தாய் ரத்தத்தில் அதிகம், கரு ரத்தத்தில் குறைவு. எனவே மொத்த அளவைப் பார்த்தால் தாய் பக்கம் கூடித் தெரிகிறது. ஒட்டாமல் சுதந்திரமாக உலாவும் மருந்து இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமநிலைக்கு வந்துவிடும். வேலை செய்வது அந்த ஒட்டாத பங்குதான்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. குழந்தை மூச்சுத்திணறலில் இருந்து அதன் ரத்தம் அமிலமானால், அந்தப் பக்கம் போன மருந்து மின்னேற்றம் பெற்றுத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும். இது இந்தக் குடும்பம் முழுதுக்கும் பொதுவானது, லிக்னோகெய்னில் இதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். ஆனால் மணிக்கு 10 மி.கி. என்ற அளவில் ஆரோக்கியமான குழந்தைக்கு, பியூபிவகெய்னா ரோபிவகெய்னா என்று பிரித்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. மருத்துவர் யாராவது மறுத்தால் திருத்திக்கொள்கிறேன்.

#20 இரவுப்பணி

மறுப்பு இல்லை.

லிக்னோகெய்ன்: 1943-ல் லோஃப்க்ரென் உருவாக்கியது, சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் விட்டுவிடும். பிரசவ வலி மணிக்கணக்கில் நீளும். திரும்பத் திரும்பக் கொடுத்தால் அதே அளவுக்குப் பலன் குறைந்துகொண்டே போகும். வலி முழுதும் அடங்கும் அளவுக்குக் கொடுத்தால் காலும் கூடவே போய்விடும். அதனால் வலி நிவாரணத்தைத் தொடர்ந்து ஓட்ட அது உதவாது.

ஆனால் அதை வெளியே அனுப்பிவிடவில்லை, வேறு இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். முதலாவது, சோதனைத் தவணை. 1.5 சதவீதம் 3 மி.லி., அதில் 15 மைக்ரோகிராம் அட்ரீனலின். குழாய் ரத்தக்குழாய்க்குள் இருந்தால் நாடித்துடிப்பு எகிறும். தண்டுவட நீருக்குள் இருந்தால் சில நிமிடத்தில் கால் மரக்கும். பிரசவ வலி வரும்போதே நாடித்துடிப்பு ஏறுவதால் இந்தச் சோதனை ஏமாற்றவும் செய்யும். அதனால் பலர், நீர்த்த மருந்தின் ஒவ்வொரு தவணையையும் சோதனைத் தவணையாகவே நினைத்துக் கொடுக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

இரண்டாவது, வலி நிவாரணம் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சிசேரியன் என்று முடிவானால். 2 சதவீத லிக்னோகெய்ன், அட்ரீனலின் சேர்த்து, அதே குழாய் வழியாக. கொஞ்சம் பைகார்பனேட் கலந்தால் இன்னும் வேகம். ரொம்ப அவசரமென்றால் சில நாடுகளில் 3 சதவீத குளோரோபுரோகெய்ன் எடுப்பார்கள். ரத்தத்தில் இருக்கும் நொதியே அதை நிமிடத்துக்குள் உடைத்துவிடும். அதனால் குழந்தைக்குப் போவதும் தங்குவதும் மிகக் குறைவு. குறை என்னவென்றால், பின்னால் அதே குழாயில் மார்ஃபின் கொடுத்தால் அதன் பலன் குறையும்.

இந்த இடத்தில் மட்டும் மருந்தின் பெயர்தான் எல்லாம். வலி நிவாரணத்தில் பியூபிவகெய்ன் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு விழுந்துகொண்டிருக்கும்போது அந்த இருபது நிமிடம் கையில் இருக்காது.

#21 வெளிப்படை

சரி, ஒரு நேர்மையான கேள்வி. இதயம் நிக்கற ஆபத்து இப்போ பூஜ்யம்னு சொல்ல முடியுமா?

#22 இரவுப்பணி

பூஜ்யம் என்று எந்த மருந்துக்கும் சொல்ல மாட்டேன். மூன்று காவல் சொல்கிறேன். நீர்த்த கரைசல். மெதுவாக, பகுதி பகுதியாகச் செலுத்துவது. அதையும் மீறி நடந்தால், கை எட்டும் இடத்தில் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல்; ரத்தக்குழாயில் செலுத்தினால் மருந்தின் நச்சை முறிக்க உதவும். வெய்ன்பெர்க் 1998-ல் எலிகளில் இதைக் காட்டினார்; 2006-ல் மனிதரிடம் வெற்றிகரமாகப் பயன்படுத்திய முதல் செய்தி வெளியானது. கிலோவுக்கு 1.5 மி.லி. என்று தொடங்கிச் செலுத்துவோம். 1979-ல் இது கிடையாது.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது வேறு. எபிடியூரல் பையைத் தவறுதலாகக் கை ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் குழாயில் மாட்டிவிடுவது. இப்படி உயிர்போன சம்பவங்கள் பதிவாகியுள்ளன. பொருந்தவே பொருந்தாத தனி இணைப்பு முனைகள் வந்ததே இதனால்தான். ரோபிவகெய்னாக இருந்தாலும் அந்தத் தவற்றில் காப்பாற்றும் என்று நம்பிவிட முடியாது. இதயத்துக்கு அது கொஞ்சம் மிதமானது, அவ்வளவுதான்.

#23 முதுநிலை_இரண்டாமாண்டு

அந்த "கொஞ்சம் மிதமானது" எனக்குப் போதும் மேடம். ரெண்டும் கைல இருந்தா, விலையும் தடையில்லைன்னா, நான் ரோபிவகெய்னைத்தான் எடுப்பேன். சிசேரியனுக்காகப் பெரிய அளவு கொடுக்க வேண்டி வந்தா அந்த இடைவெளி அர்த்தமுள்ளது.

#24 இரவுப்பணி

எடுங்கள், தவறே இல்லை. பெரிய அளவு கொடுக்கும்போது உங்களுடன் நானும் இருக்கிறேன். 0.0625-ல் அந்த இடைவெளியைத் தேடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

#25 நிலாமுற்றம்

இன்னிக்கு டாக்டரைத் திரும்பப் பாத்தேன். நீங்க சொன்ன வரிசைலயே கேட்டேன். 0.1 சதவீத பியூபிவகெய்ன், மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில். பம்ப் தானா 45 நிமிஷத்துக்கு ஒரு தடவை 8 மி.லி. தள்ளுமாம், நடுவுல வலிச்சா நானே அமுக்கிக்க ஒரு பொத்தான் கொடுப்பாங்களாம். ரோபிவகெய்னும் இருக்கு, வேணும்னா போடறோம்னாங்க. நான் வேணாம்னுட்டேன்.

சிநேகிதி இன்னும் கோவமாத்தான் இருக்கா.

பொத்தானைப் பத்தி: அதிகமா அமுக்கிட்டா?

#26 பிரசவ_அறை_அக்கா

அமுக்கலாம், ஒரு அளவுக்கு மேல போகாதபடி பூட்டு வச்சிருப்பாங்க. ஆனா நீங்கதான் அமுக்கணும். பாவம் வலிக்குதேன்னு வீட்டுக்காரரோ அம்மாவோ அமுக்கக் கூடாது. தூங்கறப்போ நிச்சயமாக் கூடாது.

#27 இரவுப்பணி

கூடவே ஒன்று. பொத்தானை அமுக்கி கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகியும் அடங்கவில்லை, அல்லது ஒரே பக்கம் மட்டும் வலிக்கிறது என்றால் அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். கூப்பிடச் சொல்லுங்கள். அப்போது பார்க்க வேண்டியது குழாயை.